‘எனக்குப் பயமே இல்லை’ என்று இன்னும் எத்தனை நாள் சொல்ல வேண்டும்?

கேள்வி: எனக்கு வயது 43. திருப்பூரில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் பதினேழு வருடமாக வேலை பார்க்கிறேன். புரொடக்‌ஷன் ஃபாலோ-அப்பில் சேர்ந்து இப்போது மெர்ச்சண்டைசர் (ஆர்டரை பையரோடு பேசி முடித்துக்கொடுப்பவர்). நிட்டிங், டையிங், காம்பாக்டிங் எல்லா யூனிட்டிலும் ஆள் தெரியும், ஒரு போன் போட்டால் வேலை நடந்துவிடும். எந்த ஸ்டைல் (ஆர்டரில் உள்ள மாடல்) எங்கே நிற்கிறது என்பது என் நோட்டில் இருக்கும். போன வருடம் முதலாளியின் மகன் பொறுப்புக்கு வந்தார். நோட்டு போய், கம்பெனி வேலை முழுவதையும் பதிவு செய்யும் ஈ.ஆர்.பி. சாஃப்ட்வேர் வந்தது. செவ்வாய்க்கிழமைதோறும் ஜெர்மனி பையரோடு (சரக்கு வாங்குபவரோடு) வீடியோ கால், அதில் நான்தான் பேச வேண்டும்.

ஒரு பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி, ஆறு மாதமாக அதிகாலை நாலரைக்கு எழுந்து கண்ணாடி முன் நின்று “நான் வெற்றியாளர், எனக்குப் பயமே இல்லை, என்னால் எல்லாம் முடியும்” என்று சொல்கிறேன். அதையே காலையில் 3, மதியம் 6, இரவு 9 முறை எழுதுகிறேன். படுக்க பதினொன்றரை ஆகிவிடும். ஆனாலும் கால் ஆரம்பித்ததும் தொண்டை அடைக்கிறது, கேட்கிற கேள்வி காதிலேயே ஏறுவதில்லை. பக்கத்தில் உட்காரும் ஜூனியர் பையன் பதில் சொல்லிவிடுகிறான். இரவு எழுத உட்கார்ந்தால் ‘பொய் சொல்றே’ என்று உள்ளே ஒரு குரல். 21 நாளில் மாறும் என்றார்கள். மாறவில்லை என்று கேட்டால், ‘நீங்கள் முழு நம்பிக்கையோடு சொல்லவில்லை’ என்கிறார்கள். இன்னும் எத்தனை நாள் சொல்ல வேண்டும்? பிளஸ் டூ படிக்கும் மகளுக்கும் இதைச் சொல்லிக்கொடுக்கலாமா?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

இன்றோடு நிறுத்திவிடலாம். ஆறு மாதம் ஒரு நாள்கூட விடாமல் செய்திருக்கிறீர்கள், அதனால் முயற்சியில் குறை சொல்ல எதுவும் இல்லை. நம்பிக்கைக் குறைவு என்று உங்கள் மீது பழி போட்டவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. நீங்கள் சொல்லும் வாக்கியமே உங்களை உங்களோடு வாதாட வைக்கிறது. காலையில் கண்ணாடி முன் தொடங்கும் அந்த வாதம், செவ்வாய்க்கிழமை பையர் பேசும்போதும் உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது. கேள்வி காதில் ஏறாததற்கு முக்கியமான காரணம் அதுதான்.

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஜோன் உட் என்பவரும் உடன் பணியாற்றியவர்களும் 2009-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். நான்கு நிமிடம் மனதில் தோன்றுவதை எழுதச் சொல்லி, 15 விநாடிக்கு ஒருமுறை மணி அடிக்கும்போதெல்லாம் ‘நான் அன்புக்குரிய மனிதர்’ என்று சொல்லிக்கொள்ள வைத்தார்கள். ஏற்கெனவே தன்னைப் பற்றி நல்ல எண்ணம் உள்ளவர்களுக்குக் கொஞ்சம் நன்றாக இருந்தது. தன்னைத் தாழ்வாக நினைப்பவர்களுக்கோ, சொல்லாதவர்களைவிட மனநிலை மோசமானது. யாருக்கு மருந்து தேவையோ அவருக்கே அது ஒத்துக்கொள்ளவில்லை. இன்னொரு சோதனையில், ‘இது எப்படி உண்மை’ என்று மட்டும் யோசிக்கச் சொன்னவர்களைவிட, ‘உண்மையாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்’ என்று இரண்டு பக்கமும் யோசிக்க விட்டவர்கள் பரவாயில்லாமல் இருந்தார்கள். இதை வேதவாக்காகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பின்னால் அதே சோதனையைத் திரும்பச் செய்த சிலருக்கு அந்தப் பாதிப்பு தென்படவில்லை. ஆனால் உங்கள் நோட்டில் நடப்பது அந்தச் சோதனையில் நடந்ததேதான். மனம் நம்பாத ஒன்றைச் சொன்னால், எதிர்சாட்சிகளை வரிசையாகக் கூப்பிடுகிறது.

‘எனக்குப் பயமே இல்லை’ என்ற வரி இன்னும் சிக்கலானது. 1987-ல் டேனியல் வெக்னர் ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்காமல் இருக்கச் சொன்னார், நினைப்பு வந்தால் மணி அடிக்க வேண்டும். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நினைக்கவில்லைதானே என்று பார்ப்பதற்காகவே மனம் அதைத் தேட வேண்டியிருக்கிறது. நீங்களும் ‘பயம் இல்லைதானே’ என்று தொண்டையையும் நெஞ்சையும் சோதித்துக்கொண்டே வீடியோ காலில் உட்காருகிறீர்கள். தேடினால் பயம் கிடைக்காமல் போகுமா?

இந்தப் பழக்கத்துக்கு மூலவர் என்று சொல்லத்தக்கவர் எமில் குவே, பிரான்ஸ் நாட்டு மருந்துக்கடைக்காரர். ‘ஒவ்வொரு நாளும் எல்லா வகையிலும் நான் மேலும் மேலும் தேறிவருகிறேன்’ என்று இருபது முடிச்சுப் போட்ட கயிற்றை உருட்டியபடி காலையும் இரவும் சொல்லச் சொன்னார். அவரே சொன்ன நிபந்தனை ஒன்று உண்டு: முயற்சி போட்டுச் சொல்லாதீர்கள், முயற்சி கூடினால் எதிர்மாறாகத்தான் நடக்கும். 1926-ல் அவர் இறந்துபோனார். வாக்கியம் ஊரெல்லாம் பரவியது, நிபந்தனை மட்டும் வழியில் விழுந்துவிட்டது.

அந்த 21 நாள் கணக்கும் அப்படித்தான். மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன், முகத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் புது முகத்துக்குப் பழக ‘குறைந்தது’ 21 நாள் ஆகிறது என்று 1960-ல் எழுதினார். ‘குறைந்தது’ உதிர்ந்துபோய் எண் மட்டும் நின்றுவிட்டது. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்துச் செய்து 2010-ல் அச்சான ஆய்வில், ஒரு சின்னப் பழக்கம் தானாக வருவதற்கு 18 நாளிலிருந்து 254 நாள் வரை கணக்கிட்டார்கள். நடுமதிப்பு 66. ஆக, நாள் கணக்கை வைத்து உங்களை நீங்களே ஃபெயில் போட்டுக்கொள்ள எந்த அவசியமும் இல்லை.

சரி, இதற்குப் பதில் என்ன செய்வது? உங்கள் கடிதத்தில் மூன்று தனித்தனிப் பிரச்சினைகள் ஒன்றாக முடிச்சுப் போட்டுக் கிடக்கின்றன: கால் நடக்கும்போது கவனம் வேறெங்கோ போவது, கேள்விக்கு என்ன சொல்வது என்ற தயாரிப்பு இல்லாதது, சாஃப்ட்வேர் இன்னும் கைக்கு வராதது. ‘என்னால் எல்லாம் முடியும்’ என்ற போர்வை இந்த மூன்றையும் சேர்த்து மூடிவிட்டது. முதலாவதுதான் பெரியது, அதில் கொஞ்சம் நிற்போம்.

சபைக் கூச்சம் ஏன் விடாமல் ஒட்டிக்கொள்கிறது என்பதற்கு டேவிட் கிளார்க், அட்ரியன் வெல்ஸ் என்ற இரு பிரிட்டிஷ் உளவியலாளர்கள் 1995-ல் கொடுத்த விளக்கம் இன்றும் சிகிச்சையில் பயன்படுகிறது. பயந்தவரின் கவனம் எதிரே இருப்பவரை விட்டுத் தன் மீதே திரும்பிவிடுகிறது. குரல் நடுங்குகிறதா, முகம் வெளிறிவிட்டதா, பையர் என்னைப் பற்றி என்ன நினைப்பார் என்று உள்ளேயே வேவு பார்க்கும். உள்ளே தெரியும் பதற்றம் அவ்வளவும் வெளியிலும் தெரிகிறது என்று நம்பிவிடும். உண்மையில் உங்கள் நெஞ்சு அடித்துக்கொள்வது ஜெர்மனிக்குத் தெரியாது. தெரிவது, நீங்கள் பதில் சொன்னீர்களா இல்லையா என்பது மட்டும்தான்.

வீடியோ காலில் இது இரட்டிப்பாகிறது, உங்கள் முகமே ஒரு மூலையில் தெரிந்துகொண்டிருக்கிறது அல்லவா? வரும் செவ்வாய்க்கிழமை முதல் வேலையாக அதை மறையுங்கள். ஜூம் என்றால் உங்கள் படத்தின் மேல் மூன்று புள்ளியை அழுத்தினால் ‘ஹைட் செல்ஃப் வியூ’ வரும். டீம்ஸில் ‘ஹைட் ஃபார் மீ’. அவர்களுக்கு நீங்கள் தெரிவீர்கள், உங்களுக்கு மட்டும் தெரியாது. கேமராவை நிறுத்திவிட வேண்டாம். ஒளிந்துகொண்டால் அன்றைக்குத் தப்பிக்கலாம், ‘தெரிந்திருந்தால் மானம் போயிருக்கும்’ என்ற எண்ணம் அப்படியே இருக்கும்.

அடுத்து, கவனத்தை வெளியே கொண்டுவரும் பயிற்சி. ஒரு நாளைக்கு இரண்டு தடவை, ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம் போதும். பூஜையறையில் வேண்டாம், உங்கள் சீட்டிலேயே, கண்ணைத் திறந்துகொண்டு. காலையில் மெயில் திறப்பதற்கு முன் ஒன்று, மதியச் சாப்பாடு முடிந்து உட்கார்ந்ததும் ஒன்று. முதலில் நாலு எண்ணும் நேரம் மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் நேரம் விடுங்கள், ஐந்து தடவை. பிறகு இரண்டு உள்ளங்காலும் தரையில் படுவதைக் கவனியுங்கள்: குதிகால், விரல், செருப்பின் அழுத்தம். அதன்பின் கைக்கு ஒரு வேலை. உங்கள் மேஜையில் சிங்கிள் ஜெர்சி ஸ்வாட்ச் (பனியன் துணியின் மாதிரித் துண்டு) நிச்சயம் கிடக்கும். வெட்டிய ஓரம் எப்போதும் சுருண்டுகொள்ளும் இல்லையா, அந்தச் சுருளை விரலால் நீவிவிட்டு, விட்டதும் அது மறுபடி சுருள்வதைத் தொடுவுணர்ச்சியாகவே பாருங்கள். துணியின் கனம் 180 ஜி.எஸ்.எம்.மா 160-ஆ என்று விரலாலேயே சொல்லக்கூடியவர் நீங்கள். அந்த அளவுக் கவனத்தைத்தான் கேட்கிறேன், புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை. கடைசியாகக் காதை வெளியே விடுங்கள்: ஃபேன், தையல் ஃப்ளோர் இரைச்சல், யாரோ பேசுவது.

பத்து விநாடிக்குள் மனம் ஓடிவிடும். ஓடியதைக் கவனித்தவுடன் அதற்கு ஒரு பேர் வையுங்கள் – ‘கணக்குப் போடுது’, ‘பயமுறுத்துது’, ‘பழசைக் கிளறுது’ – வைத்துவிட்டு ஸ்வாட்சுக்குத் திரும்புங்கள். இருபது தடவை ஓடினால் இருபது தடவை திரும்பியிருக்கிறீர்கள். பயிற்சியே அந்தத் திரும்புதல்தான். வீடியோ காலில் உங்களுக்குத் தேவைப்படப்போவதும் அதுதான்: கவனம் தொண்டைக்கு ஓடும், நீங்கள் அதைப் பையரின் வார்த்தைக்குக் கூட்டிவர வேண்டும். கால் நடக்கும்போது ஸ்வாட்ச் இடது கையில், மேஜைக்குக் கீழே இருக்கட்டும்.

இது எங்கே கெட்டுப்போகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலோர் இதைப் பயத்தை விரட்டும் கருவியாக்கிவிடுவார்கள். ஐந்து மூச்சு விட்டேன், இன்னும் படபடப்பு போகவில்லையே என்று பார்த்தால், பழைய ‘பயமே இல்லை’ வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டது என்று அர்த்தம். படபடப்பு இருக்கட்டும், காது பையரிடம் இருந்தால் போதும். இரண்டாவது, சிலருக்கு மூச்சைக் கவனித்தாலே மூச்சுத் திணறுவது போலிருக்கும். அப்படியானால் மூச்சை விட்டுவிட்டு உள்ளங்காலும் சத்தமும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, கால் இருக்கும் நாளில் மட்டும் செய்வது. அன்றைக்குப் புதிதாக எதுவும் கைகொடுக்காது, சும்மா இருக்கும் நாளில் பழகியதுதான் வரும்.

உள்ளே கேட்கும் ‘பொய் சொல்றே’ குரலோடு சண்டை வேண்டாம், அதைச் சமாதானப்படுத்தவும் வேண்டாம். ‘நான் சொதப்பிடுவேனாம்’ என்று அடுத்த வீட்டுச் செய்தி போலச் சொல்லிப் பாருங்கள். எண்ணம் போகாது, ஆனால் அதன் பிடி தளரும். இன்னொரு வழியும் உண்டு. டிட்ச்னர் என்ற உளவியலாளர் நூறு வருடத்துக்கு முன்பே எழுதியது: ஒரு வார்த்தையை வேகமாக, சத்தமாகத் திரும்பத் திரும்பச் சொன்னால் சீக்கிரமே அர்த்தம் கழன்று வெறும் ஓசையாகிவிடும். இப்போது, எண்ணங்களோடு சண்டை போடாமல் ஏற்கப் பழக்கும் ஏற்புவழிச் சிகிச்சையில் இதைப் பயன்படுத்துகிறார்கள். ‘சொதப்பல், சொதப்பல், சொதப்பல்’ என்று முப்பது விநாடி வேகமாகச் சொல்லுங்கள், வீட்டில் யாரும் இல்லாதபோது. சிரிப்பு வந்தால் நல்லது. (ஆறு மாதம் தினமும் சொன்ன ‘வெற்றியாளர்’ ஏன் சக்கையாகிப்போனது என்பதும் இதில் தெரிந்திருக்கும்.)

தனக்குத்தானே பேசுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. என்ன பேசுவது என்பதில்தான் விஷயம். மூன்று சோதனை வையுங்கள். அந்த வாக்கியத்தை ஒரு சாட்சி பார்த்துச் சரி என்று சொல்ல முடியுமா? நான் ‘யார்’ என்பதை விட்டு, ‘என்ன செய்வேன்’ என்று சொல்கிறதா? சிரமத்தை மறைக்காமல் ஒப்புக்கொள்கிறதா? ‘குரல் நடுங்கலாம். மூன்று ஸ்டைலின் லேப் டிப் (சாயம் பார்க்கும் மாதிரித் துணி) தேதியை என்னால் சொல்ல முடியும்’ – இது மூன்றிலும் தேறும். உங்கள் மனம் இதை எதிர்த்து வாதாடாது, ஏனென்றால் வாதாட ஒன்றுமில்லை. சொல்லும்போது ‘நான்’ என்பதைவிட, உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு ‘நீ அடுத்து எதைச் சொல்லணும்?’ என்று கேட்டுக்கொள்வது பதற்றத்தில் அதிகம் உதவுகிறது என்று மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஈதன் கிராஸ் 2014-ல் காட்டியிருக்கிறார். அதே வருடம் ஹார்வர்டின் அலிசன் உட் புரூக்ஸ், மேடைக்கு முன் ‘அமைதியாக இருக்கிறேன்’ என்று சொன்னவர்களைவிட ‘எனக்கு ஆர்வமாக இருக்கிறது’ என்று சொன்னவர்கள் நன்றாகப் பேசினார்கள் என்று கண்டார். நெஞ்சு வேகமாக அடிப்பது இரண்டிலும் ஒன்றுதானே. உடம்பு ஒத்துக்கொள்கிற வாக்கியம் அது. பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், வாய்க்கு ஒட்டவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

இனி தயாரிப்பு. வீடியோ காலுக்கு முழு ஸ்கிரிப்ட் எழுதி வாசிக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. எழுதினால் அதை நிறுத்துங்கள். வாசிக்கும்போது யாராவது குறுக்கே கேட்டால் எங்கே விட்டோம் என்று தேடுவதிலேயே உயிர் போய்விடும். பதிலாக ஒரு போஸ்ட் கார்டு அளவு அட்டை. ஒரு ஸ்டைலுக்கு ஒரு வரி: பி.ஓ. (ஆர்டர்) எண், லேப் டிப் நிலை, பி.பி. சாம்பிள் (உற்பத்திக்கு முந்தைய மாதிரி) தேதி, எக்ஸ்-ஃபேக்டரி தேதி (சரக்கு கம்பெனியை விட்டுக் கிளம்பும் நாள்). எண்களும் தேதிகளும் மட்டும். வாக்கியத்தை வாய் பார்த்துக்கொள்ளும்.

அட்டையின் பின்பக்கம் மூன்று ‘இப்படி ஆனால், இப்படி’. பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மானிய உளவியலாளர் 1990-களிலிருந்து ஆராய்ந்துவரும் முறை இது. ‘தைரியமாகப் பேசுவேன்’ என்ற பொதுத் தீர்மானத்தைவிட, எந்தச் சூழ்நிலையில் எந்தச் செயல் என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைத்தால் அந்த நேரத்தில் யோசிக்க வேண்டிய சுமை குறைகிறது. கேள்வி புரியவில்லை என்றால்: ‘ஸாரி, குட் யூ ரிபீட் தட்?’ புரிந்தது, பதில் தெரியவில்லை என்றால்: ‘ஐ வில் செக் அண்ட் மெயில் யூ டுடே.’ சொன்னால் அன்றைக்கே அனுப்பிவிட வேண்டும், இது தப்பிக்கும் வழியாகிவிடக் கூடாது. தொண்டை அடைத்தால்: ஒரு வாய் தண்ணீர், உள்ளங்கால், அட்டையில் அடுத்த எண். இந்த மூன்றையும் மனதில் வைத்தால் போதாது, வாய்விட்டு நாலைந்து தடவை சொல்லிப் பாருங்கள். ஆங்கிலம் நாக்கில் இருக்க வேண்டும், நினைவில் இருந்து பயனில்லை.

ஜூனியர் பையனிடம் முன்னாடியே பேசிவிடுங்கள்: “தம்பி, கேள்வி வந்தா மூணு செகண்ட் பொறு. நான் உன்னைப் பார்த்தா மட்டும் சொல்லு.” அவன் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறான். ஆனால் அவன் ஒவ்வொரு தடவை காப்பாற்றும்போதும், காப்பாற்ற ஆளில்லாமல் முடியாது என்ற பாடத்தை உங்கள் மனம் மனப்பாடம் செய்துகொள்கிறது.

முதல் வாரமே முழு வீடியோ காலையும் நடத்த முயல வேண்டாம். முதல் செவ்வாய் ஒரே ஒரு ஸ்டைலின் நிலையை நீங்கள் சொல்லுங்கள், மீதியை அவன் சொல்லட்டும். அடுத்த வாரம் இரண்டு ஸ்டைல், கூடவே பையரிடம் நீங்களே ஒரு கேள்வி. மூன்றாம் வாரம் எல்லா ஸ்டைலும். நாலாம் வாரம் ஒரு கேள்விக்கு வேண்டுமென்றே மூன்று விநாடி நிதானித்துப் பதில் சொல்லுங்கள். அந்த மௌனம் உங்களுக்கு மூன்று நிமிடம் போலிருக்கும், எதிரே இருப்பவர் பேப்பர் புரட்டுகிறீர்கள் என்றுகூட நினைக்க மாட்டார். எந்த வாரமாவது தடுமாறினால் கீழே இறங்கிவிடாமல் அதே படியில் இன்னொரு வாரம் நில்லுங்கள்.

அந்த 3-6-9 நோட்டில் தாள் மிச்சமிருக்குமே. வீடியோ காலுக்குப் பத்து நிமிடம் முன் அதில் இரண்டு வரி எழுதுங்கள். உதாரணமாக, ‘பயம் 80/100. நடக்கப்போவது: கேள்வி புரியாது, திணறுவேன், பையர் சின்ன முதலாளியிடம் புகார் சொல்வார்.’ முடிந்த கையோடு இன்னும் இரண்டு: ‘நடந்தது: ஒரு கேள்வி புரியவில்லை, திரும்பக் கேட்டேன், சொன்னார். புகார் வரவில்லை. அடுத்த வாரம் மாற்றுவது: பி.பி. சாம்பிள் கூரியர் எண்ணை அட்டையில் சேர்க்கணும்.’ பயத்தின் எண் குறைந்ததா என்பதைவிட, பயம் சொன்ன ஜோசியம் பலித்ததா என்பதுதான் இங்கே முக்கியம். மாற்றுவது என்ற இடத்தில் ஒன்றே ஒன்றுதான் வர வேண்டும். ஐந்து எழுதினால் ஐந்தும் நடக்காது. ‘இன்னும் தைரியமாக இருக்கணும்’ என்று எழுதினாலும் செல்லாது, அதைச் செய்ய முடியாது. உண்மையிலேயே புகார் வந்தால் அதையும் எழுதுங்கள், எதைப் பற்றிய புகார் என்பது அடுத்த அட்டைக்கான தகவல்.

ஈ.ஆர்.பி. விஷயம் மனநல விஷயமே இல்லை, பழக்க விஷயம். வாரத்துக்கு ஒரு ஸ்கிரீன், ஒரே ஒரு பி.ஓ.வை வைத்து. ஜூனியர் சொல்லட்டும், மவுஸ் உங்கள் கையில் இருக்கட்டும். அவன் செய்வதைப் பார்த்துக் கற்றது மறுநாள் நிற்காது. இப்போது நோட்டில் எழுதிவிட்டு, நேரம் கிடைக்கும்போது சிஸ்டத்தில் ஏற்றுகிறீர்கள் என்று நினைக்கிறேன். பெரும்பாலான இடங்களில் அப்படித்தான் நடக்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் மொத்தமாக ஏற்றினால் தேதி மாறும், சிஸ்டத்தைக் குறை சொல்லத் தோன்றும். வரிசையைத் திருப்பிப் போடுங்கள்: டையிங்கிலிருந்து போன் வந்ததும் முதலில் சிஸ்டம், பிறகு நோட்டு. இரண்டு வாரம் இரண்டும் ஒத்துப்போனால் அந்த பி.ஓ.வுக்கு நோட்டை விடலாம். அதற்காக நோட்டைத் தூக்கிப்போட்டுவிட வேண்டாம். எந்த டையிங்கில் நேவி ப்ளூ ஷேடு மாறும், யார் சொன்ன தேதியில் இரண்டு நாள் கூட்டிக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் எந்த சாஃப்ட்வேரிலும் இல்லை. அதை ‘ரிமார்க்ஸ்’ கட்டத்தில் ஏற்றத் தொடங்குங்கள். பதினேழு வருடச் சரக்கு அங்கே போய்ச் சேர்ந்தால், புது ஏற்பாட்டில் உங்கள் இடம் எது என்று சின்ன முதலாளிக்கும் தெரியும்.

புது வேலைமுறைக்கு ஏற்ப மாறுவது என்றால் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது என்று அர்த்தமில்லை. கால் அஜெண்டா முந்தின நாள் மாலைக்குள் மெயிலில் வேண்டும் என்று கேளுங்கள். நியாயமான கேட்பு, பையரும் மறுக்க மாட்டார்.

உடம்பைப் பற்றி இரண்டு வார்த்தை. பதினொன்றரைக்குப் படுத்து நாலரைக்கு எழுந்தால் ஐந்து மணி நேரத் தூக்கம். தூக்கம் குறைந்தவருக்கு எந்தப் பயிற்சியும் பாதிதான் பலிக்கும். அந்த அதிகாலையைத் தூக்கத்துக்கே திருப்பிக் கொடுங்கள். கால் இருக்கும் நாளில் அதற்கு முந்தைய இரண்டு மணி நேரம் டீ, காபி வேண்டாம், வெறும் வயிறும் வேண்டாம். இந்த வயதில் படபடப்புக்கு ரத்தசோகை, தைராய்டு, மாதவிடாய் நிற்கப்போகும் காலத்து ஹார்மோன் மாற்றம் இவையும் காரணமாக இருக்கலாம். ஹீமோகுளோபினும், தைராய்டுக்கான டி.எஸ்.எச்.சும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே என்றால் ரத்தசோகை. டாக்டரிடம் காட்ட வேண்டும்.

இதையெல்லாம் ஆறிலிருந்து எட்டு வாரம் செய்து பாருங்கள். அதற்கு முன்பே, பயத்தால் லீவு போடத் தொடங்கினாலோ, இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமில்லாமல், அழுகையும் தூக்கமின்மையுமாக இருந்தாலோ, காத்திருக்காமல் மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ நேரில் பாருங்கள். வாழ்வதே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் அன்றைக்கே. 14416 என்ற டெலி மானஸ் எண் 2022 முதல் இயங்குகிறது. கட்டணமில்லை, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலும் பேசலாம்.

மகளைப் பற்றிக் கேட்டீர்கள். ‘நான்தான் ஸ்டேட் ஃபர்ஸ்ட்’ என்று அவளை எழுத வைக்காதீர்கள். இனிமையான கற்பனை ஒருவரை ஓய்வெடுக்க வைத்துவிடுகிறது என்பது கேப்ரியேல் எட்டிங்கன் என்ற உளவியலாளரின் ஆய்வு. வேலை தேடும் பட்டதாரிகளில், நல்ல வேலை கிடைப்பதாக அதிகம் கனவு கண்டவர்களுக்குப் பின்னால் குறைவான வாய்ப்புகளே வந்தன, சம்பளமும் குறைவு. கனவோடு சேர்த்து வழியில் நிற்கும் தடையையும் நினைத்துப் பார்க்கச் சொல்கிறார் அவர். அவளிடம் “எந்தப் பாடத்துல எந்த மாதிரி கேள்வி வந்தா வயித்தக் கலக்குது?” என்று கேளுங்கள். ‘ஃபிசிக்ஸ்’ என்று சொன்னால் போதாது, ‘அஞ்சு மார்க் டெரிவேஷன்’ வரை வரட்டும். அதில் ஒன்றை எடுத்து, ‘ராத்திரி சாப்பிட்டு எழுந்ததும், புக்கை மூடி வச்சு, ஒரு தடவை எழுதிப் பார்ப்பேன்’ என்று அவளே முடிச்சுப் போடட்டும். எழுதும்போது எந்த வரியில் நிற்கிறாளோ அந்த வரிக்கு ஒரு கோடு போட்டுவிட்டு, அந்த இடத்தை மட்டும் மறுபடி படித்தால் போதும். அந்த நேரத்தில் நீங்கள் பக்கத்தில் நின்று ‘உன்னால முடியும்’ என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம், சமையலறையில் உங்கள் வேலையைப் பாருங்கள்.